பதினான்காவது படம்

அத்தியாயம் 6

கொடியில் ஏழு வெள்ளைத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் ஒரே அளவு. எல்லாவற்றின் ஓரத்திலும் நீல நூல் தையல், கீழே ஓர் எலாஸ்டிக் பட்டை.

"வீட்டுக்குள்ளேயே சலூன் நடத்துறீங்களா?" என்று கேட்டேன்.

தையல்காரி சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அவள் புருஷனின் வழக்கைப் போக்குவரத்து நீதிமன்றம் கடைசி முறையாக விசாரிக்கப்போகிறது. தோற்றால் முப்பது நாள் சிறை, அதோடு டிரைவிங் லைசென்ஸும் ரத்து. கார் ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதனுக்கு இரண்டாவதுதான் பெரிய தண்டனை.

"தம்பி, உன் வாய்க்கும் ஒரு எலாஸ்டிக் பட்டை தைச்சுத் தரச் சொல்லட்டுமா?" என்றார் அண்ணி.

அண்ணி என்றால் சொந்த அண்ணி, என் அண்ணன் மனைவி. பதினெட்டு வருஷம் இதே கோர்ட்டில் கிளார்க்காக இருந்து பேப்பர்களில் முத்திரை குத்தியவர். ஒருநாள் "நான் குத்துறதுல பாதி பொய்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்து துப்பறியும் ஏஜென்சி ஆரம்பித்தார். கோர்ட் வராந்தாவில் அவருக்கு இன்னும் ‘முத்திரை அம்மா’ என்றுதான் பெயர். நான் அவருக்கு உதவியாளன். அதற்கு முன் இன்ஷூரன்ஸ் விற்றேன். என்னிடம் பாலிசி எடுத்தவர்கள் நான்கு பேர். மூவர் சொந்தக்காரர்கள், நாலாவது நான்.

விஷயம் இதுதான். தையல்காரியின் புருஷன் ஒரு பளிங்குக் கல் வியாபாரியிடம் டிரைவர். முதலாளியின் கறுப்புக் காரைச் சாலைக் கேமராக்கள் எட்டு மாதத்தில் பதினான்கு முறை பிடித்திருக்கின்றன. சில முறை வேகம், சில முறை சிவப்பு விளக்கு. ஒவ்வொரு முறையும் ‘அந்த நேரத்தில் ஓட்டியது என் டிரைவர்’ என்று படிவம் எழுதிக் கொடுத்திருக்கிறார் முதலாளி. கீழே டிரைவரின் கையெழுத்து. அபராதம் ஒன்றுகூடக் கட்டப்படவில்லை. கோர்ட் இரண்டு முறை சம்மன் அனுப்பியது. டிரைவர் குடும்பம் இருப்பது முதலாளியின் கார் ஷெட்டுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை. தபால் பெட்டி இருப்பது முதலாளியின் கேட்டில். பெட்டிக்குள் போன சம்மன் வெளியே வரவே இல்லை. ஆள் வராததால் கோர்ட் ஆள் இல்லாமலேயே தீர்ப்பு எழுதிவிட்டது. டிரைவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்து ஈரக் கையோடு கூட்டிப்போனது. ஜாமீனில் எடுத்து, மறுவிசாரணைக்கு மனுப் போட்டது அண்ணி.

"ஏங்க கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் அண்ணி.

டிரைவர் கட்டிலின் ஓரத்தில் பாதி உடம்போடு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது. சொந்த வீட்டிலும் முழுசாக உட்காரத் தெரியாதவன்.

"முதலாளி போடச் சொன்னாரு மேடம்."

"படிச்சுப் பார்த்தீங்களா?"

"பேப்பரை மடிச்சு, அடிப்பக்கம் மட்டும்தான் காட்டுவாரு. பணத்தை நானே கட்டிடுறேன்னு சொன்னாரு."

"பதினாலு தடவையுமா?"

"பதினாலு தடவையும்."

எனக்குப் பரிதாபத்தைவிட எரிச்சல்தான் வந்தது. ஒருவன் மடித்த பேப்பரை நீட்டுகிறான், இன்னொருவன் பதினான்கு முறை குனிந்து கையெழுத்துப் போடுகிறான். இந்த முதுகை வைத்துக்கொண்டு இவன் எப்படித்தான் நிமிர்ந்து ஸ்டியரிங் பிடிக்கிறானோ?

"அப்போ ஓட்டினது யாரு?"

"அவருதான். காலையில ஆறு மணிக்கு டென்னிஸ் ஆடப் போவாரு. எனக்கு டியூட்டி ஒன்பது மணிக்குத்தான். அவருக்கு இன்னும் ஒரு கேஸ் வந்தா லைசென்ஸ் போயிடுமாம். முன்னாடியே ரெண்டு இருக்கு. பதினாலுல ஒண்ணுகூட நான் ஓட்டினது இல்லை மேடம். சத்தியமா."

சத்தியத்தைத் தரையைப் பார்த்துச் செய்தான். அதே நேரம் தையல்காரியின் கையில் நூல் பட்டென்று அறுந்தது. அண்ணி இரண்டையும் பார்த்தார்.

"இந்தத் துண்டெல்லாம் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

"வாங்க, காட்டுறேன்" என்று எழுந்தான் டிரைவர்.

கார் ஷெட் எங்கள் ஆபீசைவிடப் பெரியது, சுத்தமானதும்கூட. சுவரில் ஒரு வெள்ளைப் பளிங்குப் பலகை பதித்திருந்தது. அதில் தங்க எழுத்துக்களில் ஐந்து விதிகள் செதுக்கியிருந்தன.

"கல்வெட்டு! மன்னர் கிணறு ஏதாவது வெட்டினாரா?" என்றேன்.

மூன்றாவது விதியை அண்ணி சத்தமாகப் படித்தார்.

"‘டிரைவர் இருக்கையில் அமருமுன் தலைப்பக்கத்தில் வெள்ளைத் துண்டு மாட்ட வேண்டும். இறங்கும்போது அகற்ற வேண்டும். எண்ணெய்த் தலை தோல் இருக்கையைக் கெடுக்கும். துண்டின்றி அமர்ந்தால் அன்றே வேலைநீக்கம்.’"

அடியில் முதலாளியின் பெயரும் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதியும் செதுக்கியிருந்தன. காகிதத்தில் எழுதினால் போதாதாம் ஐயாவுக்கு. தன் திமிரைக் கல்லில் வெட்டி வைத்தால்தான் தூக்கம் வரும்போல.

"எப்பவாவது துண்டு போட மறந்திருக்கீங்களா?" அண்ணி கைப்பேசியில் பலகையைப் படம் எடுத்தபடி கேட்டார்.

"ஒரே ஒரு தடவை. முதல் மாசம், இந்தக் கல்லு வைக்கிறதுக்கு முன்னாடி." டிரைவர் குரல் இறங்கியது. "வாசல்ல எல்லாரும் இருந்தாங்க. என்னைக் குனியச் சொல்லி, என் தலையை மோந்து பார்த்தாரு. அப்புறம் கையைக் கழுவிக்கிட்டாரு. அதுலேருந்து கை தானா போட்டுடும் மேடம்."

"அவர் ஓட்டும்போது?"

"அவருக்கு எதுக்குத் துண்டு? நான் போட்டது கண்ணுல பட்டாலே கத்துவாரு. இறங்கின உடனே கழட்டி துவைக்கப் போட்டுடுவோம்."

அந்த நேரத்தில் பளிங்கு முதலாளி வந்தார். டென்னிஸ் கால்சட்டை, கழுத்தில் மடிப்புக் கலையாத ஒரு டவல். அவர் கழுத்துக்கு டவல் மரியாதை, டிரைவர் தலைக்குத் துண்டு தண்டனை.

"ஓ, துப்பறிய வந்திருக்கீங்களா?" என்றார் எங்களைக் காய்கறிக் கூடையைப் பார்ப்பதுபோல் பார்த்து. "நானும் கோர்ட்டுக்கு வரேன். சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்காங்க. என்ன இருந்தாலும் என் ஆள். தப்புப் பண்ணிட்டான், கைவிட மாட்டேன். உள்ள இருக்கிற முப்பது நாளும் ரூம் வாடகை பிடிக்கப் போறதில்ல."

"பெரிய மனசு சார். அதையும் ஒரு கல்லுல வெட்டிடுங்க" என்றேன்.

"காமெடியன் வேறயா? டேய், மதியம் ரெண்டரைக்கு வண்டியை எடு. கோர்ட்டுக்கு நீதான் ஓட்டணும்." தன்னை ஜெயிலுக்கு அனுப்பப்போகிறவரைத் தானே கொண்டுபோய் இறக்க வேண்டும். டிரைவர் "சரிங்க சார்" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு அவனை ஓர் அறை விடலாம்போல இருந்தது.

மணி பத்தரை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு துப்பு, அந்தத் துண்டு. அது எங்கே இட்டுச்செல்கிறது என்று அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வழக்கம்போலத் தெரியவில்லை.

"கோர்ட் ஃபைல்ல இருக்கிற படத்தைப் பார்த்தேல்ல தம்பி? அதுல என்ன இருந்துச்சு?" என்றார் பஸ்ஸில்.

"நம்பர் பிளேட்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. தீப்பெட்டி சைஸ்ல நம்பர் பிளேட் மட்டும்தான்."

"கேமரா நம்பர் பிளேட்டை மட்டுமா எடுக்கும்? முழுக் காரையும் பின்னாலேருந்து எடுக்கும். ஆபீஸ்ல உட்கார்ந்து மிச்சத்தை வெட்டிடுவாங்க. பதினெட்டு வருஷமா வெட்டின படத்துக்குத்தான் முத்திரை குத்தினேன். முழுப்படம் கம்ப்யூட்டர்ல கிடக்கும். யாரும் கேக்கிறதில்ல, அதனால யாரும் குடுக்கிறதில்ல."

அபராத அலுவலகத்தின் நான்காவது கவுண்டரில் ஒரு மனிதர் இருந்தார். இருந்தார் என்பதைத் தவிர அவரைப் பற்றி வேறெதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. மதியம்வரை டியூட்டி இல்லாததால் டிரைவரும் தையல்காரியும் கூடவே வந்திருந்தார்கள்; டிரைவர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை அண்ணி நீட்டினார்.

"முழுப்படமா? அப்படியெல்லாம் யாரும் கேட்டதில்லையே."

"நாங்க கேக்கிறோம்."

"நம்பர் தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு முழுப்படம்? அதெல்லாம் குடுக்க மாட்டோம்மா."

"தண்டனை வாங்கினவர் நேர்ல வந்து கேட்டா ஒரு மணி நேரத்துல குடுக்கணும்னு விதி இருக்கு."

"எங்க இருக்கு அந்த விதி?"

"உங்க தலைக்கு மேல."

கவுண்டர்காரர் திரும்பி அண்ணாந்து பார்த்தார். அவருடைய நாற்காலிக்கு நேர் மேலே, தூசி படிந்த கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த விதி தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக அதன் கீழே உட்கார்ந்து ‘இல்லை’ என்று சொல்லியிருப்பார் என்று கணக்குப் போட எனக்குப் பொறுமை இல்லை.

"பிரிண்டர் மெதுவாத்தான் வேலை செய்யும்" என்றார் கடைசி ஆயுதமாக.

"பரவாயில்ல சார், உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டிருக்கும்" என்றேன்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பதினான்கு படங்களும் கைக்கு வந்தன. டிரைவரை டியூட்டிக்கு அனுப்பிவிட்டுத் தையல்காரியோடு கோர்ட்டுக்குப் போனோம். வராந்தா பெஞ்சில் படங்களைப் பரப்பினார் அண்ணி.

காரின் பின்பக்கம். பின்கண்ணாடி வழியாக ஓட்டுநர் இருக்கையின் மேல்பகுதி தெரிந்தது. உட்கார்ந்திருப்பவரின் தலை தெரியவில்லை, இருக்கை மறைத்துக்கொண்டது. ஆனால் இருக்கை தெரிந்தது. கறுப்புத் தோல், மேலே ஒன்றும் இல்லை. இரண்டாவது படமும் அப்படித்தான். மூன்றாவதும்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் விளக்கு எரிந்தது.

"அண்ணி! துண்டு இல்ல! துண்டு இல்லைன்னா டிரைவர் இல்ல! அந்த ஆளு கல்லுல வெட்டி வெச்ச விதியே அவரை மாட்டி விடுது!"

"கத்தாதே. மிச்சத்தையும் பாரு."

பன்னிரண்டு. பதின்மூன்று. எல்லாம் மொட்டைத் தோல். துள்ளிக்கொண்டு பதினான்காவதை எடுத்தேன். துள்ளல் அங்கேயே நின்றது.

இருக்கையின் மேல் வெள்ளைவெளேரென்று ஒரு துண்டு. ஓரத்தில் நீலத் தையல்கூடத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்றே கால். கார் சிவப்பு விளக்கைத் தாண்டியிருக்கிறது.

தையல்காரி முகத்தை மூடிக்கொண்டாள்.

"அன்னைக்கு முதலாளி கல்லு வாங்க வெளிநாடு போயிருந்தாரு அக்கா" என்றாள் விரல் இடுக்கு வழியாக. "எங்க அப்பாவுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. ‘ஊரான் வீட்டுக் காரைத் துடைக்கிறவன்’னு எல்லார் முன்னாடியும் சொல்லுவாரு. ஒரே ஒரு தடவை அவர் வாசல்ல கார்ல போய் இறங்கணும்னு நான்தான் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தேன். அவரு வேண்டாம் வேண்டாம்னாரு. திரும்பி வரும்போது லேட் ஆயிடுச்சுன்னு பயந்து வேகமா வந்தாரு. அந்தத் தேதியை முதலாளி கவனிக்கவே இல்ல, மத்ததோட சேர்த்து அதுக்கும் படிவம் எழுதிட்டாரு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"காரு யாருதுன்னு கேட்டாரு."

இப்படி ஒரு மாமனார். அந்த ஆளையும் இந்தப் பெஞ்சில் உட்காரவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"சரி விடுங்க" என்றேன். "பதிமூணு போதும். பதினாலாவது எங்கேயோ தொலைஞ்சு போச்சு. கிழிச்சுடலாம் அண்ணி."

"அக்கா, அதை மட்டும் காட்டாதீங்க. காரை எடுத்தது தெரிஞ்சா இன்னைக்கே வேலை போயிடும். ரூமும் போயிடும்."

அண்ணி அந்தப் படத்தைத் தனியாக ஒரு உறையில் போட்டுப் பையில் வைத்தார்.

"கிழிக்க மாட்டேன். உங்க புருஷன் சொல்லாம காட்டவும் மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இருக்கிறதுலேயே நல்ல படம் இதுதான்."

எனக்குப் புரியவில்லை. இருப்பதிலேயே கெட்ட படம் அதுதானே? மற்ற பதின்மூன்றும் அவன் பொய் சொல்லவில்லை என்கின்றன, இது ஒன்றுதான் அவன் பொய்யன் என்கிறது.

இரண்டே முக்காலுக்கு டிரைவர் வந்து சேர்ந்தபோது அண்ணி அவனைத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போய் ஐந்து நிமிடம் பேசினார். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

மூன்றாம் எண் அறையில் ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்தால்தான் அபராதம் கட்டாதவர்களுக்கு என்ன நடக்கிறது என்பது தெரியும். முதலில் ஒரு பல் டாக்டர். பதினொரு அபராதம். "மறந்துட்டேன்" என்றார், பேங்க் அட்டையைத் தேய்த்தார், இரண்டே நிமிடத்தில் கிளம்பிவிட்டார். நீதிபதி அவருக்கு நன்றி சொல்லாததுதான் பாக்கி. அடுத்து ஒரு டாக்சிக்காரப் பெண், நான்கு அபராதம். கையில் பணமில்லை. நாற்பது மணி நேரம் சாலையில் வெள்ளைக்கோடு அடிக்க வேண்டும். அந்த நாற்பது மணி நேரமும் அவள் டாக்சி நிற்கும், பணம் இன்னும் குறையும். யாரும் அதைக் கேட்கவில்லை. பெயர் கூப்பிட்டும் வராத ஒருவருக்குப் பிடிவாரண்ட். மூன்றே அபராதம் வைத்திருந்த ஒரு வேன்காரர் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டார். அவருக்கு ஆறு மாதம் லைசென்ஸ் முடக்கம், ஏழு நாள் உள்ளே. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானாம். பணம் இருந்தால் மறதி, இல்லாவிட்டால் குற்றம்.

நீதிபதிக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டைக்கும் தீர்ப்புக்கும் இடையே மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தார்.

"அடுத்தது. பதினாலு அபராதம். வக்கீல் யாரு?"

"வக்கீல் இல்லைங்க ஐயா. துணையா நான் நிற்கிறேன்" என்று எழுந்தார் அண்ணி. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அந்தக் கோர்ட்டில் அப்படி ஒரு வழி உண்டு.

நீதிபதி கைக்குட்டைக்கு மேலாகப் பார்த்தார். "முத்திரை அம்மாவா? சுருக்கமாப் பேசுங்க."

பளிங்கு சாட்சிக் கூண்டில் ஏறினார். கூண்டின் மரச்சட்டத்தை விரலால் தடவித் தூசி பார்த்துவிட்டுத்தான் கையை வைத்தார்.

"உங்க காரை ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க சார்" என்றார் அண்ணி. குரலில் அவ்வளவு பணிவு. எனக்கே பயமாக இருந்தது.

"வெச்சுக்கணும்ல? விலை தெரியுமா உங்களுக்கு?"

"வேற யாராவது ஓட்டுவாங்களா? குடும்பத்துல, நண்பர்கள் யாராவது?"

"சாவியைத் தொட விடமாட்டேன். நான், இல்லேன்னா டிரைவர். மூணாவது மனுஷன் கை பட்டதில்ல."

"டிரைவர் துண்டு போட்டுத்தான் உட்காரணும்னு ஒரு விதி உண்டாமே?"

பளிங்கின் முகம் மலர்ந்தது. "கல்லுலேயே வெட்டி வெச்சிருக்கேன். டிசிப்ளின் வேணும்ங்க. இவங்க தலையில இருக்கிற எண்ணெய்க்கு..." என்று ஆரம்பித்து, நீதிபதியின் எண்ணெய் தடவிய தலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"டிரைவர் ஒருநாளாவது மறந்து துண்டில்லாம ஓட்டியிருக்கலாம் இல்லையா?"

"சான்ஸே இல்ல. அவனுக்கு அந்தத் தைரியம் கிடையாது. ரெண்டு வருஷமா ஒரு நாள்கூட மீறினதில்ல. நான் எழுதியே தரேன்."

"வேண்டாம் சார், பெஞ்ச் கிளார்க் எழுதிக்கிட்டாரு" என்றார் அண்ணி. பதின்மூன்று படங்களை மேசை மேல் வைத்தார். கூடவே அந்தப் பளிங்குப் பலகையின் படத்தையும்.

நீதிபதி ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஐந்தாவது படத்தில் கைக்குட்டையைக் கீழே வைத்தார். அறையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். நான் மனசுக்குள் வெற்றி விழா ஆரம்பித்துவிட்டேன்.

பளிங்கு லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு நிமிடம்தான் வெளுத்தார். அப்புறம் சிரித்தார்.

"ஐயா, இது என்ன வேடிக்கை? அவ்வளவு தூரத்துலேருந்து, கண்ணாடி வழியா எடுத்த படம். உள்ள இருக்கிறதெல்லாம் கறுப்பாத்தானே தெரியும்? துண்டு போட்டிருந்தாலும் தெரியாது. துண்டு இல்லைங்கிறதுக்கு இது சாட்சியா?"

நீதிபதி தும்மினார். மறுபடி படத்தைப் பார்த்தார். மெல்லத் தலையை ஆட்டினார்.

"அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கும்மா. அந்தக் கேமராவுல துண்டு தெரியும்னு எப்படி நம்புறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணி ஏன் அதை நல்ல படம் என்றார், ஏன் கிழிக்கவில்லை என்பதெல்லாம்.  அண்ணி திரும்பி டிரைவரைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். பையில் கைகூட வைக்கவில்லை.

டிரைவர் தையல்காரியைப் பார்த்தான். பளிங்கைப் பார்த்தான். அவன் வாழ்க்கையே அந்தப் பைக்குள் இருந்த உறையில் இருந்தது. எடுத்தால் வேலை போகும், தலைக்கு மேல் இருக்கும் கூரை போகும், மாமனார் வாய்க்கு இன்னும் ஆறு மாதத்துக்குத் தீனி. எடுக்காவிட்டால் லைசென்ஸ் போகும். இவன் எங்கே பேசப்போகிறான் என்று நினைத்தேன். பதினான்கு முறை குனிந்தவன் ஆயிற்றே.

"மேடம்" என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "அந்தப் படத்தையும் குடுத்துடுங்க."

அண்ணி உறையைப் பிரித்தார். பதினான்காவது படம் மேசைக்குப் போனது.

"அதே மாதிரி கேமராதான் ஐயா, அதே காரு" என்றார் அண்ணி. "துண்டு இருந்தா எப்படித் தெரியும்னு பாருங்க. ஓரத் தையலோட தெரியுது."

"அன்னைக்கு ஓட்டினது நான்தாங்க" என்றான் டிரைவர். "முதலாளிக்குத் தெரியாம காரை எடுத்துட்டு மாமனார் வீட்டுக்குப் போனேன். சிவப்பு விளக்கைத் தாண்டினதும் நான்தான். கேட்டப்போ இல்லைன்னு பொய் சொன்னேன்."

நீதிபதி தேதியைப் பார்த்தார். "அன்னைக்கு உங்க முதலாளி எங்க இருந்தாரு?"

"வெளிநாட்டுல."

"யாரும் பார்க்கப் போறதில்ல. அப்புறம் எதுக்குத் துண்டு?"

டிரைவர் யோசித்தான். அவனுக்கே அந்தக் கேள்வி புதிதாக இருந்திருக்க வேண்டும்.

"தெரியலைங்க. கை தானா போட்டுடுச்சு."

 எனக்குப் பளிங்கின் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. மாமனார் வாசலில் ராஜாவாக இறங்கப் போனவன், உலகத்தின் அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு மூக்குக்குப் பயந்து சீட்டில் துண்டு போட்டிருக்கிறான்.

"என் காரை!" பளிங்கு கூண்டுக்குள் குதித்தார். "என் காரை எடுத்துக்கிட்டு ஊர் சுத்தினியா? இன்னைக்கே, இந்த நிமிஷமே உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டேன்! நாளைக்குக் காலையில ரூமைக் காலி பண்ணு!"

"அதையும் எழுதிக்குங்க" என்றார் நீதிபதி, கிளார்க்கைப் பார்த்து. ஜலதோஷம் திடீரென்று குணமாகிவிட்டதுபோல் இருந்தது அவர் குரல்.

தீர்ப்புக்கு ஆறு நிமிடம் ஆனது. பதின்மூன்று குற்றங்களிலும் டிரைவர் மீதான தண்டனை ரத்து. பதினான்காவதில் குற்றவாளி. அபராதத்தை மூன்று தவணையில் கட்ட வேண்டும், எச்சரிக்கையோடு லைசென்ஸ் அவனிடமே இருக்கும். மீதிப் பதின்மூன்றுக்கும் சாட்சியின் சொந்த வாக்குமூலப்படி ஓட்டியவர் சாட்சிதான். அவர்மேல் பொய்ப் படிவம் கொடுத்ததற்குத் தனி வழக்கு. அது முடியும்வரை அவருடைய லைசென்ஸ் முடக்கம்.

"லைசென்ஸை இங்கேயே ஒப்படைச்சுட்டுப் போங்க" என்றார் நீதிபதி. "அபராதம் எவ்வளவுன்னு கிளார்க் சொல்லுவாரு."

"இப்பவே கட்டிடுறேன்" என்று அட்டையை எடுத்தார் பளிங்கு.

"கட்டுங்க. லைசென்ஸையும் வெச்சுட்டுப் போங்க. அது அட்டையைத் தேய்ச்சாத் திரும்பி வராது."

அன்று அந்த அறையில் எனக்குப் பிடித்த ஒரே தீர்ப்பு அது.

வெளியே கறுப்புக் கார் வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது. பளிங்கு நேராகப் போய்ப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். நாங்கள் நான்கு பேரும் படிக்கட்டில் நின்றோம். ஒரு நிமிடம் போனது. கண்ணாடி இறங்கியது.

"டேய், என்ன வேடிக்கை பார்க்கிற? வந்து வண்டியை எடு!"

"நீங்க இப்போதானே சார் வேலையை விட்டுத் தூக்கினீங்க?" என்றான் டிரைவர். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான்.

"அது... நாளையிலேருந்து. இப்ப வீட்டுல கொண்டுபோய் விடு."

"இந்த நிமிஷமேன்னு கோர்ட்டுல எழுதியிருக்காங்க சார். கிளார்க் முத்திரையும் குத்திட்டாரு. நான் இப்ப ஓட்டினா அது வேற கேஸ் ஆயிடும்."

அண்ணி இருமினார். சிரிப்பை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். தையல்காரி மறைக்கவே இல்லை.

பளிங்கு காரிலிருந்து இறங்கினார். ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார். கோர்ட் வாசலில் நின்ற இரண்டு போலீஸ்காரர்களையும் பார்த்தார். நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைக்கப் பையில் கையை விட்டார். கைக்குட்டை இல்லை.

டிரைவர் காரின் முன்கதவைத் திறந்தான். இருக்கைக்கு அடியில் கழற்றி வைத்திருந்த துண்டை எடுத்தான். பழக்கம்போல நான்காக மடித்தான், அதன் மேல் சாவியை வைத்து, முதலாளியின் இரண்டு கையிலும் சேர்த்துக் கொடுத்தான்.

"சாவி சார். துண்டையும் வெச்சுக்குங்க. பஸ்ல கூட்டமா இருக்கும், சீட் பிடிக்க உதவும்."

ஏழு வருஷமாக அண்ணியோடு சுற்றுகிறேன், வாயை மட்டும் வைத்துப் பிழைக்கிறவன் நான். அந்த வரி எனக்குத் தோன்றவில்லை.

தையல்காரி அவன் தோளைத் தட்டினாள். மறுநாள் காலையில் அவர்களுக்கு வேலையில்லை, வீடில்லை, கட்ட வேண்டிய தவணை மூன்று இருந்தது. டிரைவர் சட்டைப் பையைத் தொட்டு லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். பஸ் வந்தது. ஜன்னலோரத்தில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தான். பின்னால் தலை படுகிற இடத்தில் ஒன்றும் போடவில்லை. அண்ணி அதைக் கவனித்தார். நானும் கவனித்தேன்.